மேற்படியைத் தவிர்ப்பது விரும்பத்தக்கது

தலைமை நாற்காலியைத் தம் உடலாலும், எதிரே உள்ள மேசையைத் தம் கோப்புகளாலும் நிறைத்து வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் எனக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, நான் விடப்போகும் முதல் பிழைக்காகக் காத்திருக்கும் மூத்தோர்களே! அலுவலகத்தில் அடுத்தவர் பெயரில் கடிதம் எழுதி, வீட்டில் அடுத்தவர் பெயரில் திட்டு வாங்கும் அன்புத் தாய்மார்களே! விசைப்பலகையில் விரல் தேயத் தேயத் தட்டச்சு செய்யும் தங்கைகளே, தம்பிகளே! எழுந்து போக வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருக்கும் என் அருமைத் தோழர்களே! மேற்படி அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'மேற்படி' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். பேசி முடித்தபின் இதே சிரிப்பு இந்த அவையில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பகலில் திரைச்சீலை தைப்பவன். மாலையில் மேடை கிடைத்தால் சொல் தைப்பவன். எங்கள் கடை என் அக்காவுடையது. வீடு வீடாகப் போய்ச் சன்னலை அளந்து வருவதும், தைத்து முடித்ததை ஏணியில் ஏறி மாட்டுவதும் அக்காவின் வேலை. கடையில் உட்கார்ந்து தைப்பது என் வேலை. கடிதத்துக்கும் திரைச்சீலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? ஐயா, இரண்டுமே மறைப்பதற்குப் பயன்படுகின்றன. ஆனால் நான் தைக்கும் திரையில் ஒரு நேர்மை உண்டு. அது 'நான் திறந்த சன்னல்' என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இது வணிக நிறுவனங்களில் கடிதம் எழுதுவோர் மன்றம். கடிதக் கலையில் கரை கண்டவர்களின் கூட்டம். அந்தக் கரையிலிருந்து எனக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. 'தங்களைச் சிறப்புரையாற்ற அன்புடன் அளைக்கிறோம்' என்று எழுதியிருந்தீர்கள். சேற்றை அளைவார்கள். குழந்தை தட்டில் இருப்பதைத் தின்னாமல் கையால் அளையும். என்னை எதில் போட்டு அளையப் போகிறீர்களோ என்று பயந்துகொண்டேதான் வந்தேன். அதுகூடப் போகட்டும். கடிதத்தில் தேதி இருந்தது. இடம் இருந்தது. மண்டபத்தின் மாண்பு, மன்றத்தின் மாட்சி, தலைவரின் தகைமை எல்லாம் இருந்தன. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது மட்டும் இல்லை. வரி வரியாகத் தேடினேன். 'தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி' என்ற இடத்தில் மட்டும் நேரம் என்ற சொல் தென்பட்டது. பொன் இருந்தது, மணி இல்லை.

ஆகவே காலையிலேயே வந்துவிட்டேன். பூட்டிய கதவுக்கு முன்னால் காவலாளியும் நானும் மட்டும். விழா சாயங்காலம்தான் என்று சொன்ன காவலாளி, உட்கார நாற்காலியும் கொடுத்தார். போன வருஷம் பேச வந்தவரும் இதே நாற்காலியில்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்றார். செயலாளர் அவர்கள் தலை குனிய வேண்டாம். ஓர் ஆண்டு தவறினால் பிழை. ஆண்டுதோறும் தவறினால் அது மரபு. மரபை யார் திருத்த முடியும்?

அன்பர்களே, உங்கள் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். 'பொருள்' என்று ஒரு வரி போடுகிறீர்கள். அதற்குக் கீழே பக்கம் முழுக்கத் தேடினாலும் பொருள் அகப்படுவதில்லை. 'பார்வை' என்று ஒரு வரி போடுகிறீர்கள்; அனுப்புவதற்கு முன் ஒருவராவது பார்ப்பதில்லை. 'ஆவன செய்யவும்' என்கிறீர்கள். எது ஆவன? யார் செய்ய? எப்போது செய்ய? தண்ணீர்க் குழாயை மூடினாலும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறீர்கள். விண்ணப்பத்தை நிராகரித்தாலும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறீர்கள். எங்கள் துன்பத்தில் உங்களுக்கு இத்தனை மகிழ்ச்சியா? சுற்றறிக்கை என்று ஒன்று அனுப்புகிறீர்களே, விஷயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருவதால்தான் அந்தப் பெயரா?

என்ன சொல்கிறார் பின்னால் இருப்பவர்? 'மேலிடம் அப்படித்தான் கேட்கிறது' என்கிறாரா? உட்காருங்கள் தம்பி. மேலிடத்துக்கும் வருகிறேன். அதற்கு முன் ஏணி ஒன்று ஏற வேண்டியிருக்கிறது.

எங்கள் கடையில் பழைய மர ஏணி ஒன்று இருந்தது. கனம். தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் அக்காவுக்கு மூச்சு வாங்கும். ஆனால் மேலே ஏறி நின்றால் தரையில் நிற்பதுபோல அசையாமல் நிற்கும். ஒரு நாள் அக்கா அலுமினிய ஏணி ஒன்றை வாங்கி வந்தாள். மடக்கினால் கையில் அடங்கும்; விரித்தால் கூரையைத் தொடும். இரண்டு ஏணியும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. மர ஏணியின் உறுதியை நம்பித்தான் அலுமினியத்தையும் அக்கா அங்கேயே வாங்கினாள்.

சில வாரங்கள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல காகிதம். மேலே பொன்னிற முத்திரை. கீழே நான்கு பெரியவர்களின் கையெழுத்து. கடையில் துணி வெட்டும் மேசைக்கு அருகில் நின்று அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். அதன் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம். கேளுங்கள்.

'எங்கள் அலுமினிய ஏணியை வாங்கிய தங்களுக்கு இதயம் கனிந்த நன்றி. முன்னர் நாங்கள் தயாரித்து வந்த மர ஏணிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டுள்ளது தாங்கள் அறிந்ததே. இந்நிலையில், எழுந்துள்ள சில கருத்துகளின் அடிப்படையில், மேற்படியைத் தவிர்ப்பது விரும்பத்தக்கது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மேலும் விவரங்களுக்குக் கீழ்க்காணும் எண்ணில் தொடர்புகொள்ளவும்.'

இந்த அவையில் இருப்பவர்கள் எல்லோரும் வல்லுநர்கள். சொல்லுங்கள், எதைத் தவிர்க்க வேண்டும்? முன்வரிசை சொல்லட்டும். மர ஏணியையா? சரி. நடுவரிசை? மர ஏணிதான் என்கிறீர்கள். தாய்மார்கள் பக்கம்? அங்கும் அதே. மகிழ்ச்சி. என் அக்காவும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். மேலே சொன்னது மேற்படி. மேலே சொல்லியிருப்பது மர ஏணி. 'பழைய ஏணியில ஏதோ கோளாறாம்' என்று சொல்லிவிட்டு, அந்த உறுதியான மர ஏணியைக் கடையின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாத்தி, மேலே கோணிப்பையையும் போட்டு மூடினாள். அன்று முதல் எங்கே போனாலும் அலுமினிய ஏணிதான். கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தாள், ஐயா. கீழ்ப்படிந்தவள்தான் கீழே விழுந்தாள்.

ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. நெடிய சன்னல். கன்னத்தைக் கையால் தாங்கியபடி நோயாளிகள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அக்கா ஏணியின் உச்சிப்படியில் நின்று, திரைக் கம்பியைக் கொக்கியில் மாட்டக் கையை உயர்த்துகிறாள். படியைச் சட்டத்தோடு பிணைத்திருந்த ரிவெட் ஆணி ஒரு பக்கம் கழன்றது. படி சாய்ந்தது. கம்பியும் திரையும் அக்காவும் ஒன்றாக வந்து நாற்காலிகள்மீது விழுந்தார்கள். பல்வலிக்காரர்கள் பல்வலியை மறந்து எழுந்தார்கள். உள்ளிருந்து ஓடிவந்த மருத்துவர் அக்காவின் வலது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பல் என்றால் நானே பார்த்துவிடுவேன், இது எலும்பு, உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

முழங்கைக்கு மேலே முறிவு. தோள்பட்டையிலும் அடி. கட்டுப் போட்ட மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, கை பழையபடி தலைக்கு மேலே உயருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். திரைச்சீலை மாட்டுகிறவளுக்குக் கை தலைக்கு மேலே உயராது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வெளியே வந்து நடைபாதையில் வெகுநேரம் நின்றேன்.

திரும்பி உள்ளே போனபோது அக்கா அழுதுகொண்டிருக்கவில்லை. கடைக்குப் போய் அந்த நிறுவனத்தின் கடிதத்தை எடுத்து வரச் சொன்னாள். கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையில் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"டேய், மேற்படின்னு போட்டிருக்கே… இது மேல இருக்கிற படியாடா?"

சபையோரே, அந்தக் கேள்வியை நான் உங்கள் முன்னால் அப்படியே வைக்கிறேன். மேல் கூட்டல் படி, மேற்படி. இலக்கணம் சுத்தம். புணர்ச்சி விதி பொருத்தம். எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. இலக்கணத்தில் குறை இல்லை, எலும்பில்தான் முறிவு!

சிரிப்பு குறைந்துவிட்டது, பார்த்தீர்களா.

அக்கா அடுத்துக் கேட்டது தன் கையைப் பற்றி அல்ல. இதே ஏணியை வேறு யாரெல்லாம் வாங்கியிருப்பார்கள் என்று கேட்டாள். அவர்களும் இதே கடிதத்தைப் படித்துவிட்டு, நல்ல ஏணியை ஓரம் கட்டிவிட்டு, இதில்தானே ஏறிக்கொண்டிருப்பார்கள் என்றாள். படுக்கையில் இருந்தபடியே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'உங்கள் அலுமினிய ஏணியின் உச்சிப்படி கழன்று நான் விழுந்தேன். என் கை முறிந்தது. இதே ஏணியை வாங்கிய எல்லோருக்கும் உடனே சொல்லுங்கள்.' அவ்வளவுதான். கீழே பெயர், முகவரி.

நிறுவனம் பதில் எழுதியது. உடனே அல்ல, பொறுமையாக, பொலிவாக, பொன் முத்திரையோடு எழுதியது. 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். மேற்படி நிகழ்வுக்கு வருந்துகிறோம். இது தொடர்பான உரிய அறிவிப்பு முன்னரே அனுப்பப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை. எங்கள் ஏணிகளின் துணையுடன் தாங்கள் மேன்மேலும் உயர வாழ்த்துகிறோம்.'

மேன்மேலும் உயர! கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடப்பவளை மேன்மேலும் உயரச் சொல்கிறார்கள்! அந்த வாழ்த்தை எழுதியவர் யார் என்று கேட்டால் யாரும் இல்லை. எல்லாக் கடிதத்தின் அடியிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரி அது. ஏணி வாங்கினாலும் வரும், ஏணியிலிருந்து விழுந்தாலும் வரும். அதைப் படித்ததும் அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததில் தோள்பட்டை வலித்து, வலியில் கண்ணீர் வந்து, கண்ணீரோடு சொன்னாள்: "கிளம்புடா. நேர்லயே போயிடலாம்."

போனோம். கண்ணாடிக் கதவு. உள்ளே பளபளவென்று ஏணிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றின் உச்சிப்படியையும் இடது கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பதறிப்போய் எங்களை உள்ளே அழைத்துப் போனாள்.

உள்ளறையில் மூன்று பேர். நிறுவனத்தின் முதலாளியம்மா. அவருக்கு வலப்புறம் விற்பனை மேலாளர். இடப்புறம், சட்டைப் பையில் பல நிறப் பேனாக்களோடு, தலை நரைத்த அலுவலக மேலாளர். கடிதம் எழுதுவது அவர் பொறுப்பு. வாயைத் திறந்தால் மேற்படி, பேனாவைத் திறந்தால் மேற்படி என்பதால் அந்த அலுவலகமே அவரை மேற்படியார் என்றுதான் அழைக்கும். வீட்டில் மனைவியைக்கூட மேற்படி என்றுதான் குறிப்பிடுவார் என்று பேச்சு. பின்னால் இருந்து யாரோ அவர் உண்மைப் பெயரைக் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அவர் நல்ல மனிதர். மேலும் அவரைப் போன்றவர்கள் இந்த அவையிலேயே வரிசைக்கு ஒருவர் இருக்கும்போது, ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்களை ஏன் தப்பிக்க விட வேண்டும்?

முதலாளியம்மா மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். கைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஆனால் முன்னெச்சரிக்கை கொடுத்தாயிற்று, அதன்பிறகும் ஏறினால் நிறுவனம் என்ன செய்யும் என்றார். அக்கா கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். இதைப் படித்துவிட்டு, வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். மர ஏணியைப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது என்றார். சொன்னபிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கடிதம் விற்பனை மேலாளரின் கைக்குப் போனது. அவர் படித்துவிட்டு, மர ஏணி வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட்டு அலுமினிய ஏணி வாங்க வேண்டும் என்ற பொருளில் இருக்கிறது, விற்பனைக்கு நல்ல கடிதம்தான் என்றார். அடியில் இருந்த கையெழுத்துகளில் இரண்டு அவர்களுடையவை. கையெழுத்துப் போடத் தெரிந்தது. போட்டது எதற்கு என்றுதான் தெரியவில்லை!

அக்கா மேற்படியார் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க என்ன சொல்ல நினைச்சீங்க? எழுத வேணாம், வாயால சொல்லுங்க."

மேற்படியார் அக்காவின் கையில் இருந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உச்சிப்படியில கால் வைக்காதீங்க, ரிவெட் கழண்டு விழுந்துடுவீங்க. அதைத்தாம்மா சொல்ல நினைச்சேன்."

"அதை ஏன் சார் எழுதல?"

"எழுதினேன்மா. முதல்ல அப்படித்தான் எழுதினேன்."

தம்பி, பின்வரிசைத் தம்பி, இப்போது எழுந்து நில்லுங்கள். நீங்கள் கேட்ட மேலிடம் வந்துவிட்டது.

தொழிற்கூடத்துப் பொறியாளர் வந்து ரிவெட் தளர்கிறது என்று சொன்ன அன்றே மேற்படியார் உட்கார்ந்து நேராக எழுதியிருக்கிறார். 'மேல் படியில் ஏறாதீர்கள். கழன்றுவிடும். ஏணியைத் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறோம்.' முதலாளியம்மா அதைப் பார்த்துவிட்டு, 'கழன்றுவிடும்' என்று நாமே எழுதிக் கொடுக்கலாமா என்று அந்தச் சொல்லை அடித்தார். விற்பனை மேலாளர், ஏணி விற்கிறவன் 'ஏறாதீர்கள்' என்று எழுதினால் ஊர் சிரிக்கும் என்று அதை அடித்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர், திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்க வேண்டாம் என்று மூன்றாவது வரியை அடித்தார். அடித்த இடங்களில் எல்லாம் நன்றியும் மகிழ்ச்சியும் இட்டு நிரப்பப்பட்டன. மிஞ்சியது மேல் படி. அதையும் மேற்படியார் தம் பழக்க தோஷத்தில் சேர்த்து எழுதி மேற்படி ஆக்கினார். பிறகு கடிதம் பிழைதிருத்தத்துக்காகச் சுற்றுக்குப் போனது. முதலாளியம்மா தாம் அடித்தது அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். விற்பனை மேலாளர் தாம் சேர்த்தது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். வழக்கறிஞர் தம் பங்கைப் பார்த்தார். மேற்படியார் ஒற்றுப்பிழை பார்த்தார். கடிதத்தை யார் பார்த்தது? ஒருவரும் இல்லை!

அன்பர்களே, இதற்குப் பெயர் நடையழகா? பணிவா? பண்பாடா? இல்லை. பயம்! பச்சைப் பயத்துக்குப் பட்டுச் சட்டை போட்டு, அதைத்தான் அலுவல் நடை என்று அழைக்கிறோம்.

முதலாளியம்மா அப்போதும் இறங்கி வரவில்லை. இப்படிப் பச்சையாக எழுதினால் நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும் என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க எழுதினாலும் எழுதலைன்னாலும் அந்தப் படி கழண்டுட்டுத்தான் இருக்கு, மேடம்" என்றாள்.

விற்பனை மேலாளருக்கு இன்னும் ஒரு பிடி இருந்தது. கடிதம் புரியாதவர்கள் கேட்பதற்குத்தான் எண் கொடுத்திருக்கிறோமே, இன்றுவரை ஒருவர்கூடக் கூப்பிடவில்லையே, அப்படியென்றால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்றுதானே பொருள் என்றார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, கடிதத்தில் இருக்கும் அந்த எண்ணுக்கு இங்கிருந்தே ஒரு முறை பேசிப் பாருங்கள் என்றாள். மேற்படியார் மேசைத் தொலைபேசியை முன்னால் இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, எண்களை அழுத்தினார். மறுமுனையில் ஓர் ஆணின் குரல்.

"டயர் கடை. எந்த வண்டிக்குங்க?"

மேற்படியார் தடுமாறிப்போய், ஏணி நிறுவனத்தின் எண் இல்லையா என்று கேட்டார்.

"நீங்களுமா? எத்தனை பேருங்க இப்படி ஏணி ஏணின்னு கேப்பீங்க? இது டயர் கடைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. போன வாரம் ஒரு அம்மா அழுதுட்டே பேசினாங்க, வீட்டுக்காரர் விழுந்துட்டாராம். நான் டயர் விக்கிறவன், நான் என்னத்தைச் சொல்றது? அந்தக் கம்பெனிக்காரங்களை எங்கயாவது பாத்தா நம்பரை மாத்தச் சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது.

கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. கவனியுங்கள், அவ்வளவுதான். இலக்கணம் பார்த்தார்கள், எதுகை பார்த்தார்கள், எண்ணை யாரும் பார்க்கவில்லை. அந்தக் குழப்பக் கடிதத்துக்குள்ளும் ஏதோ ஆபத்து இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, கூப்பிட்டுக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரு டயர்க்காரர் பதில் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே கூப்பிட்ட அந்தப் பெண்மணி யார், எந்த ஊர், விழுந்தவர் என்ன ஆனார், ஒன்றும் தெரியாது.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. விற்பனை மேலாளர் ஏதோ சொல்ல வந்ததைக் கையால் நிறுத்தினார். மேற்படியாரிடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "எழுதுங்க. நீங்க முதல்ல எழுதினதையே எழுதுங்க" என்றார்.

எழுதினார். எத்தனையோ ஆண்டுகளாக மேற்படி எழுதிய கை, அன்று மேற்படி இல்லாமல் எழுதியது. 'நீங்கள் வாங்கிய அலுமினிய ஏணியின் உச்சிப்படியில் கால் வைக்காதீர்கள். அது கழன்றுவிடுகிறது. சிலர் விழுந்து அடிபட்டிருக்கிறார்கள். தவறு எங்களுடையது. எங்களைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கே வந்து ஏணியை எடுத்துக்கொண்டு வேறு ஏணி தருகிறோம். மர ஏணியில் எந்தக் கோளாறும் இல்லை.' எழுதிவிட்டுத் தயங்கினார். இப்படி எழுதினால் மரியாதையாக இருக்குமா என்று அக்காவிடம் கேட்டார். மற்றவர் காலும் கையும் முறியக் கூடாது என்று நினைப்பதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

தட்டச்சு ஆகி வந்தது. மேற்படியார் படித்தார், சரி என்றார். முதலாளியம்மா படித்தார், சரி என்றார். நானும் படித்தேன், சரி என்றேன். அக்காவுக்கு மட்டும் திருப்தி இல்லை. இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் படிக்கட்டும் என்றாள். வரவேற்பு மேசைப் பெண்ணை அழைத்தார்கள். அவள் சத்தமாகப் படித்துவிட்டு, படியில் கால் வைக்காமல் ஏணியில் எப்படி ஏறுவது என்று கேட்டாள்.

பார்த்தால், 'உச்சிப்படி' என்பதில் 'உச்சி' விழுந்துபோயிருந்தது! 'ஏணியின் படியில் கால் வைக்காதீர்கள்.' எங்கள் எல்லோர் மனத்திலும் உச்சி இருந்தது. ஆகவே கண் அதைத் தாளிலும் பார்த்துவிட்டது. எழுதியவன் கண்ணுக்கு எழுதாததும் தெரியும், ஐயா. படிக்கிறவர் கண்ணுக்கு எழுதியது மட்டும்தான் தெரியும். பிழைதிருத்தம் என்ற பெரிய சாத்திரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

திருத்தினார்கள். எண்ணையும் மாற்றினார்கள். மாற்றிய எண்ணை மேற்படியாரே அழுத்திப் பார்த்தார். பக்கத்து மேசையில் மணி அடித்தது. எடுத்துப் பேசினார், வைத்தார், மறுபடி ஒரு முறை அழுத்தினார். அன்று மாலைக்குள் கடிதங்கள் அஞ்சலில் சேர்ந்தன.

ஏணிகள் திரும்பி வந்தன. நிறுவனத்தின் முற்றத்தில் அடுக்கி வைக்க இடமில்லாமல் வாசல்வரை வந்தன. அழுதுகொண்டே பேசிய பெண்மணியும் சரியான எண்ணில் கூப்பிட்டார். அவர் கணவருக்குக் கணுக்காலில் சுளுக்கு, நல்லவேளை அதோடு போயிற்று. ஆனால் அந்த மனிதர், படி கழன்றதற்குத் தம் எடைதான் காரணம் என்று நம்பி, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டாராம். நிறுவனத்தின் கோளாறுக்கு வாடிக்கையாளர் பட்டினி! கால் குணமாகிவிட்டது, ஆள்தான் பாதியாகிவிட்டார் என்று அந்த அம்மா சொன்னதாக மேற்படியார் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அக்காவின் கை தோள் உயரம்வரை எழுகிறது. அதற்கு மேல் எழவில்லை. ஏணியில் ஏற இப்போது ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறோம். அக்கா கீழே நின்று, இடப்பக்கம் கொஞ்சம் இறக்கு, வலப்பக்கம் ஏற்று என்று சொல்கிறாள். கடையில் மாட்டிப் பழக்கும்போது சில நேரம் பேச்சை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் உயர்ந்த கையைப் பார்த்தபடியே நிற்கிறாள். நான் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பெரியோர்களே! தாய்மார்களே! உங்களுக்குத் தெளிவாக எழுதத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் எழுதுகிறீர்களே! 'பால் அடுப்பில் இருக்கிறது, பொங்கினால் அணைத்துவிடு' என்று துண்டுச் சீட்டில் எழுதுகிறீர்களே! அதில் மேற்படி உண்டா? விரும்பத்தக்கது உண்டா? மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறீர்களா? வீட்டுப் பால் பொங்கி வழியக் கூடாது என்று உங்களுக்கு அக்கறை இருக்கிறது. அந்த அக்கறையில் ஒரு கரண்டியை அலுவலகத்துக்கும் கொண்டுபோகக் கூடாதா? முகவரியில் இருப்பவன் மனிதன் இல்லையா? அவனுக்கு எலும்பு இல்லையா? அவன் வீட்டில் அழுவதற்கு ஆள் இல்லையா? உங்களைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லை ஒளிக்கிறீர்கள். ஒளித்த இடத்தில் ஒருவர் விழுகிறார். உங்கள் பெயரைக் காக்க ஓர் உண்மையை மழுப்புகிறீர்கள். மழுப்பிய இடத்தில் ஒருவர் வழுக்குகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்! சொன்னதைப் படியுங்கள்! படித்ததை இன்னொருவர் கையில் கொடுங்கள்! அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டு, வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து நில்லுங்கள்!

யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் இறங்கினால் நானும் உங்கள் மன்றத்தில் உறுப்பினர் ஆகிவிடுவேன். ஆகவே சொல்கிறேன். நீங்கள், நாளைக் காலை, மேசையில் அமர்ந்ததும். அனுப்பத் தயாராக இருக்கும் முதல் கடிதத்தைக் கையில் எடுங்கள். அதன் அடியில் ஓர் எண் இருக்கும். அதை அழுத்துங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிடிக்காததைப் பேசியும் என்னைப் பிடித்து இறக்காத தலைவருக்கும், கதவோரம் இருந்தும் எழுந்து போகாத தோழர்களுக்கும், காலையில் நாற்காலி கொடுத்த காவலாளிக்கும், கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.